டிராஃப்ட் இரவில் ஈகிள்ஸ் ரசிகர்கள் யாரைப் பார்த்து ஊளையிடுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-இல் வருடாவருடம் டிராஃப்ட் நடக்கிறது. ஓர் அணி எடுத்த புது வீரரை அந்த அணியின் ரசிகர்களே ஊளையிட்டு வரவேற்பதை அடிக்கடி பார்க்கிறேன். இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத பையன் மேல் அப்படி என்ன கோபம்? அவர்கள் சொல்வது பின்னால் பலிக்கிறதா? பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகர்கள்தான் இதில் ரொம்ப மோசம் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அந்தப் பையன் மேல் கோபமே இல்லை. மேடையில் நிற்பவர் யார் என்பது ஊளையிடுகிற பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் மனதில் இருப்பது எடுக்காமல் விட்ட இன்னொரு பெயர். அந்தப் பெயருக்காகத்தான் சத்தம். கூடவே, அதை விட்டுவிட்ட நிர்வாகத்தின் மேல் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிற கசப்பும் வெளியே வரும். பலிக்கிறதா என்றால், சில வகை விஷயங்களில் ரசிகர் கணிப்பு ஆச்சரியப்படும்படி சரியாக இருக்கிறது. வேறு சில வகைகளில் கிட்டத்தட்ட எப்போதுமே தப்பாகப் போகிறது. எது எந்த வகை என்பதை ஈகிள்ஸ் கதையை வைத்தே பார்த்துவிடலாம். பிலடெல்பியாக்காரர்கள் மோசமா என்பதையும் நடுவில் சொல்கிறேன்.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக நான்கு வரி. ஐபிஎல் ஏலத்தில் பணம் வைத்திருப்பவர் கை தூக்கலாம். இங்கே பணத்துக்கு வேலை இல்லை. போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். கல்லூரி ஆட்டம் முடித்து வருகிற வீரர்களை 32 அணிகளும் வரிசையாக, ஏழு சுற்றுகளில் எடுத்துக்கொள்வார்கள். தன் முறையை இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை 1935-ல் முன்வைத்தவர் பெர்ட் பெல், அப்போதைய ஈகிள்ஸ் முதலாளி. முதல் டிராஃப்ட் 1936-ல் நடந்ததும் பிலடெல்பியாவில், ஒரு ஹோட்டலில். முதல் பெயரை எடுத்ததும் ஈகிள்ஸ்தான்: ஜே பெர்வாங்கர். அந்த மனிதர் என்எஃப்எல்-இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த ஊருக்கும் டிராஃப்டுக்கும் உள்ள ராசி அன்றைக்கே அப்படி!

இந்த முறையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மோசமாகத் தோற்றவனுக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும். ஆகவே ஏப்ரல் மாதம் அரங்கத்தில் அதிக எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருப்பவர், நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வயிறெரிந்தவர். சீசன் அவருக்கு டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஜனவரியிலிருந்து 'யாரை எடுப்பார்கள்' என்ற உத்தேசப் பட்டியல்கள் வர ஆரம்பிக்கும். பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் வீரர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு அளப்பார்கள். அந்த எண்களை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். ஏப்ரலுக்குள் ரசிகர் மனதில் இரண்டு மூன்று பெயர்கள் அழுத்தமாகப் பதிந்துவிடும். அவர்களில் ஒருவருக்கு மனதுக்குள் தன் அணியின் சட்டையையும் மாட்டிவிட்டிருப்பார். லீகின் தலைவரான கமிஷனர் மேடையேறி வேறு பெயரைப் படிக்கும்போது, இல்லாத ஒன்றைக் கொடுத்ததாக அவருக்குத் தோன்றுவதில்லை. கையில் இருந்ததைப் பிடுங்கியதாகத்தான் தோன்றும்.

இதற்கு 1999 ஏப்ரல் 17-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது.

அதற்கு முந்தைய சீசனில் ஈகிள்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் பாபி ஹோயிங் அந்த வருடம் எறிந்த டச்டவுன் பாஸ்கள், அதாவது புள்ளி தேடித்தரும் பாஸ்கள், பூஜ்யம், எதிரணி பிடுங்கியவை ஒன்பது. (குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், எறிபவர். அணியில் அவர் சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை.) பயிற்சியாளரைத் தூக்கிவிட்டு ஆண்டி ரீட் என்பவரைக் கொண்டுவந்தார்கள். கிரீன் பே அணியில் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 'யார் இந்த ஆள்' என்பதுதான் ஊரின் பொதுக் கருத்து.

டிராஃப்டில் ஈகிள்ஸுக்கு இரண்டாவது இடம். ஊர் கேட்டது ரிக்கி வில்லியம்ஸை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனை 1998-ல் வாங்கியவர். சடைமுடியும் முரட்டு ஓட்டமுமாக டிவியில் வாராவாரம் பார்த்த முகம். டபிள்யூஐபி என்ற உள்ளூர் விளையாட்டு வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்திய ஆஞ்செலோ கடால்டி இதை ஓர் இயக்கமாகவே ஆக்கிவிட்டார். மேயர் எட் ரெண்டெல்கூட வில்லியம்ஸை எடுங்கள் என்று பகிரங்கமாகப் பேசினார். ஒரு பெருநகரத்தின் மேயருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கக்கூடாது. அந்த ஊரில் அதுவும் நிர்வாகத்தில் சேர்த்திதான். டிராஃப்ட் நாளன்று வானொலி நிலையம் சுமார் முப்பது ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றி நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்கு அனுப்பிவைத்தது. 'டர்ட்டி தர்ட்டி' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

முதல் இடத்தில் கிளீவ்லாண்ட் அணி டிம் கௌச் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அடுத்து கமிஷனர் பால் டாக்லியாபு வந்து ஈகிள்ஸின் தேர்வைப் படித்தார்: டோனவன் மெக்நாப், குவார்ட்டர்பேக், சிரக்யூஸ். அந்த முப்பது பேரும் அடித்தொண்டையிலிருந்து ஊளையிட்டார்கள். 22 வயதுப் பையன், வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நிமிடம், குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. தொப்பியை மாட்டிக்கொண்டு, சட்டையைப் பிடித்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். அந்தக் காட்சியை இன்றுவரை ஒவ்வொரு ஏப்ரலிலும் போட்டுக்காட்டுகிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? மெக்நாப் ஈகிள்ஸை ஐந்து முறை, கோப்பை இறுதிக்கு முந்தைய படியான கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார், அதில் நான்கு 2001 முதல் 2004 வரை தொடர்ச்சியாக. லீகின் கோப்பை இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஒன்று ஆடி 24-21 என்று தோற்றார். ஈகிள்ஸ் வரலாற்றிலேயே அதிக தூரம் பந்து எறிந்தவர் அவர்தான். வில்லியம்ஸை எடுத்தது நியூ ஆர்லியன்ஸ். அதன் பயிற்சியாளர் மைக் டிட்கா அந்த ஒரு பையனுக்காக அந்த வருடத்துத் தன் டிராஃப்ட் வாய்ப்புகள் அத்தனையையும் அடுத்த வருடத்து முதல், மூன்றாம் சுற்றுகளையும் வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார். வில்லியம்ஸ் மணப்பெண் உடையிலும் டிட்கா மாப்பிள்ளை உடையிலும் ஒரு பத்திரிகை அட்டைப்படத்துக்கு நின்றது அப்போதுதான். அந்த சீசனில் நியூ ஆர்லியன்ஸும் 3-13. டிட்காவின் வேலை போயிற்று.

ஆனால் கதையை இதோடு நிறுத்தி 'பார்த்தீர்களா, ரசிகர்கள் முட்டாள்கள்' என்று சொல்கிறவர்கள் பாதியை மறைக்கிறார்கள். வில்லியம்ஸ் மோசமான வீரர் அல்ல. 2002-ல் மயாமிக்காக 1,853 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். மொத்தமாகப் பத்தாயிரம் யார்டைத் தாண்டினார். அதே டிராஃப்டில் முதல் 12 இடங்களில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். மூன்றாம் இடத்தில் போன அகிலி ஸ்மித் மொத்தமே 17 ஆட்டங்களில்தான் முதலில் இறங்கினார். கௌச் ஐந்து வருடத்தில் கிளீவ்லாண்டை விட்டு வெளியே. ஆக, குவார்ட்டர்பேக் வேண்டாம் என்று பயந்ததில் நியாயம் இருந்தது. மெக்நாப்புக்குப் பதில் ஸ்மித்தை எடுத்திருந்தால் அந்த முப்பது பேருக்கு ஊரில் சிலை வைத்திருப்பார்கள்.

ரசிகர்கள் சறுக்கியது வேறிடத்தில். ஈகிள்ஸிடம் அப்போதே டூஸ் ஸ்டேலி என்ற நல்ல ரன்னிங் பேக் இருந்தார், முந்தைய சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். இருக்கிற இடத்துக்கே இன்னொருவரைக் கேட்டு, இல்லாத இடத்தை விட்டார்கள். ஓடுபவர் எப்படி ஓடுகிறார் என்று யாருக்கும் பார்த்தாலே தெரியும். அந்த இடத்துக்கும் குவார்ட்டர்பேக் இடத்துக்கும் என்ன விலை வித்தியாசம் என்பது பார்த்துத் தெரிவதல்ல. வெவ்வேறு இடங்களில் ஆடும் இருவரை ஒப்பிடச் சொன்னால் ரசிகர் அநேகமாக வழுக்கி விழுவார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்நாப்புக்கும் அந்த ஊருக்கும் நடுவில் அந்த ஊளை கடைசிவரை இருந்துகொண்டே இருந்தது. 2010-ல் அவரை வாஷிங்டனுக்கு மாற்றிவிட்டார்கள். 2013 செப்டம்பரில் அவருடைய 5-ஆம் எண் சட்டைக்கு ஈகிள்ஸ் ஓய்வு கொடுத்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று எதிரணிப் பயிற்சியாளராக வந்து நின்றவர் ஆண்டி ரீட். ஆட்டத்தில் ஜெயித்ததும் அவர்தான்.

இனி, பிலடெல்பியாக்காரர்கள் மோசமா என்ற கேள்வி. 1968-ல் சாண்டா கிளாஸ் மேல் பனி உருண்டை எறிந்தவர்கள் என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள். உண்மைதான், எறிந்தார்கள். ஆனால் ஏன் எறிந்தார்கள் என்று சொல்பவர் குறைவு. அந்த சீசனில் ஈகிள்ஸ் முதல் 11 ஆட்டங்களும் தோற்றது. அப்படியே தோற்று முடித்திருந்தால் டிராஃப்டில் முதலிடம், ஓ.ஜே. சிம்ப்சன் என்ற ரன்னிங் பேக் கையில். (பின்னாளில் வேறு காரணத்துக்காக உலகமே அறிந்த அதே சிம்ப்சன்.) ஆனால் அணி திடீரென்று அடுத்த இரண்டு ஆட்டங்களை ஜெயித்துத் தொலைத்தது! முதலிடம் பஃபலோவுக்குப் போயிற்று, சிம்ப்சனும் போனார், ஈகிள்ஸுக்கு மூன்றாம் இடம். கடைசி ஆட்டத்தன்று கொட்டும் பனியில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் தோல்விக்கு வருந்தியவர்கள் அல்ல, வெற்றிக்குக் கொதித்தவர்கள். இடைவேளையில் சாண்டாவாக வரவேண்டியவர் பனியால் வரமுடியாமல், கூட்டத்தில் சாண்டா வேடத்தில் வந்திருந்த ஓர் இளைஞரைப் பிடித்து மைதானத்தில் நடக்கவிட்டார்கள். பாவம், அவர் மேல் விழுந்த பனி உருண்டைகளில் பாதி டிராஃப்ட் இடத்துக்கானது.

மற்ற ஊர்க்காரர்கள் ஒன்றும் சாதுக்கள் இல்லை. 1979-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் மோர்ஹெட் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து ஃபில் சிம்ஸை எடுத்தபோது அரங்கமே ஊளையிட்டது. அவர் பின்னால் சூப்பர் பவுலில் 25 பாஸ்களில் 22-ஐச் சேர்த்து ஆட்டநாயகன் ஆனார். 2011-ல் ஹூஸ்டன்காரர்கள் ஜே.ஜே. வாட்டுக்கே ஊளையிட்டார்கள். வித்தியாசம் என்னவென்றால் பிலடெல்பியாவில் வானொலி உண்டு, பேருந்து உண்டு, மேயர் உண்டு. ஒழுங்கமைத்துச் செய்வார்கள்.

ரசிகர் சறுக்கும் இரண்டாவது இடம் காலம். 2010-ல் நடந்ததைப் பாருங்கள். சேஃப்டி என்ற பின்தடுப்பு இடத்தில் பல வருடம் ஆடி ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த பிரையன் டாகின்ஸ் முந்தைய வருடம்தான் வேறு அணிக்குப் போயிருந்தார். அந்த இடத்துக்கு எர்ல் தாமஸ் வேண்டும் என்று ஊர் காத்திருந்தது. ஈகிள்ஸ் 24-ஆம் இடத்திலிருந்து 13-க்கு விலை கொடுத்து ஏறியது. சரி, தாமஸ்தான் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எடுத்தது பிராண்டன் கிரஹாம் என்ற தடுப்பு வரிசை வீரரை. அடுத்த இடத்திலேயே தாமஸை சியாட்டில் எடுத்துக்கொண்டது. கிரஹாமுக்கு முதல் வருடமே முழங்கால் தசைநார் கிழிந்தது. சியாட்டிலில் தாமஸ் லீகின் தலைசிறந்த சேஃப்டிகளில் ஒருவரானார், சூப்பர் பவுலும் வென்றார். கிரஹாம் பெயரைச் சொன்னாலே பிலடெல்பியாவில் பெருமூச்சு விட்ட வருடங்கள் உண்டு.

2018 பிப்ரவரி 4. சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் ஐந்து புள்ளி முன்னிலை, எதிரே குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, கையில் பந்து, இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம். அவருக்கு அது தாராளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் இரண்டு அணிக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு முறைதான் குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டார். அதைச் செய்தவர் கிரஹாம். பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார், அதைப் பாய்ந்து எடுத்தவர் டெரெக் பார்னெட். அவர் முந்தைய ஆண்டு டிராஃப்டில் எடுக்கப்பட்டவர், அதுவும் பிலடெல்பியாவின் கலை அருங்காட்சியகப் படிகளில் நடந்த டிராஃப்ட். ஈகிள்ஸ் வரலாற்றில் முதல் சூப்பர் பவுல் கோப்பை அப்படி வந்தது. கிரஹாம் பின்னால் அந்த அணிக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற இடத்தையும் பிடித்தார். எட்டு வருடம் கழித்து வரப்போவதை ஏப்ரல் இரவில் யாராலும் பார்க்க முடியாது. அதற்காக அன்று கோபப்பட்டவரைக் குறை சொல்லவும் மாட்டேன். தாமஸும் அருமையான வீரர்தான், அதை அவர்கள் சரியாகவே சொன்னார்கள்.

ரசிகர் சரியாகச் சொன்னதற்கு முழு உதாரணம் 2020. கோவிட் காலம், அரங்கம் கிடையாது, கமிஷனர் தன் வீட்டு நிலவறையிலிருந்து பெயர் படித்தார். ஊளையிட இடமில்லாததால் கோபம் எல்லாம் கைபேசிக்கும் வானொலிக்கும் போயிற்று. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஈகிள்ஸ் இரண்டு முறை ஊரைக் கொதிக்கவைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்டதற்கு விடை கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்துவிடும்.

முதல் இரவு, 21-ஆம் இடம். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் தேவை. எல்எஸ்யு கல்லூரியின் ஜஸ்டின் ஜெஃபர்சன் இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் இருந்தார். தேசியக் கோப்பை வென்ற அணி, நாடே பார்த்த ஆட்டங்கள். ஈகிள்ஸ் எடுத்தது டிசியு கல்லூரியின் ஜேலன் ரீகரை. வேகம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஜெஃபர்சன் கடைசி வருடம் பெரும்பாலும் உள்பக்கமாகவே ஆடியவர், வெளி ஓரத்தில் அந்த அளவு எடுபடுவாரா என்ற சந்தேகம். அடுத்த முறை மினசோட்டாவுடையது. அவர்கள் யோசிக்கவே இல்லை. முதல் வருடத்தில் ஜெஃபர்சன் 1,400 யார்டு, ரீகர் 396. இரண்டு வருடம் கழித்து ஜெஃபர்சன் லீகின் சிறந்த தாக்குதல் வீரர் விருது வாங்கினார். ரீகர் ஜயண்ட்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தின் கடைசி நேரத்தில் கைக்கு வந்த பந்தையே விட்டார். 2022 ஆகஸ்டில் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? மினசோட்டாவுக்கே! அடுத்த மாதம் அவர் எதிரணிச் சட்டையில் பிலடெல்பியாவுக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ரசிகர் ஏன் சரி? இருவரும் ஒரே இடத்தில் ஆடுபவர்கள், இருவரின் ஆட்டமும் கண்ணெதிரே இருந்தது, ஒப்பிட வேறு கணக்கு தேவைப்படவில்லை. நிர்வாகம் அதிகம் யோசித்தது, ரசிகர் பார்த்ததை நம்பினார். இந்த வகைக் கோபத்தை நான் எப்போதுமே காது கொடுத்துக் கேட்பேன்.

மறுநாள் இரவு, இரண்டாம் சுற்று, 53-ஆம் இடம். ஜேலன் ஹர்ட்ஸ், குவார்ட்டர்பேக். முந்தைய வருடம்தான் கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு நான்கு வருடத்துக்கு 12.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஓட்டை இருந்த இடங்கள் வேறு எத்தனையோ. மாற்று ஆளுக்கு இரண்டாம் சுற்றா என்று ஊர் தலையில் கை வைத்தது. பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் தாங்கள் குவார்ட்டர்பேக் தொழிற்சாலையாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்து மாதக்கணக்கில் கேலி செய்தார்கள்.

பயந்தது அப்படியே நடந்தது என்பதுதான் வேடிக்கை. அந்த சீசனில் வென்ட்ஸின் ஆட்டம் குலைந்தது. 15 முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்தார், 50 முறை வீழ்த்தப்பட்டார், டிசம்பரில் ஓரமாக உட்காரவைக்கப்பட்டார். பயிற்சியாளர் டக் பீடர்சன் போனார். அடுத்து வென்ட்ஸும் போனார். 2021 வசந்தத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு இரவிலும் ரசிகர்தான் சரி என்று எழுதியிருப்பேன். ஆனால் ஹர்ட்ஸ் வேறு மண். கல்லூரியில் அலபாமாவுக்காக தேசிய இறுதி ஆட்டத்தில் இடைவேளையோடு உட்காரவைக்கப்பட்டவர். ஓக்லஹோமாவுக்கு மாறி, ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் வரை வந்தவர். 2023-ல் ஈகிள்ஸை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோய் கான்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றார். 2025 பிப்ரவரியில் அதே கான்சஸ் சிட்டியை 40-22 என்று புரட்டி எடுத்து ஆட்டநாயகன் ஆனார். எதிரே நின்ற பயிற்சியாளர் மறுபடியும் ஆண்டி ரீட். இந்த மனிதர் பிலடெல்பியாவின் எல்லாக் கதையிலும் எங்கிருந்தாவது வந்துவிடுகிறார்.

வெளியே இருப்பவர்களுக்கு விவரம் போதாது, அதனால்தான் தப்பாகச் சொல்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவர்களின் முகமும் ஒருமுறை கேமராவில் மாட்டியது. 2021 மூன்றாம் சுற்றில் ஈகிள்ஸ் 70-ஆம் இடத்தை விற்று 73-க்கு இறங்கியது. அந்த இடைவெளியில் அலிம் மெக்நீல் என்ற தடுப்பு வீரரை டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது. ஈகிள்ஸ் மில்டன் வில்லியம்ஸை எடுத்தது. அறையில் ரோஸ்மன் ஒவ்வொருவரிடமும் போய் முஷ்டியோடு முஷ்டி தட்டிக்கொண்டு வருகிறார். மூத்த ஆலோசகர் டாம் டோனஹோவிடம் வரும்போது அவர் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டி ஏதோ சொல்கிறார், ரோஸ்மன் முகம் மாறுகிறது. சில விநாடிதான். ஆனால் நேரலை. அன்றிரவே அந்தக் காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. 'பார், அவங்க ஆளுக்கே பிடிக்கலை' என்பது ரசிகர்களுக்கு அல்வா.

நான்கு வருடம் கழித்து, அந்த 40-22 சூப்பர் பவுலில், மில்டன் வில்லியம்ஸ் எதிரணிக் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை இரண்டு முறை வீழ்த்தினார். ஒரு முறை பந்தையும் பிடுங்கினார். அடுத்த மாதமே நியூ இங்கிலாந்து அணி அவரை நான்கு வருடம், 10.4 கோடி டாலர் என்று அள்ளிக்கொண்டு போயிற்று. மெக்நீலும் நல்ல வீரராகவே வந்தார். ஆக, அந்த அறையில் முகம் சுளித்தவரும் தப்பில்லை, முஷ்டி நீட்டியவரும் தப்பில்லை.

நிபுணர்கள் எவ்வளவு சரி என்று கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருட டிராஃப்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். (தேலர் பொருளியலில் நோபல் வாங்கியவர்.) ஒரே இடத்தில் ஆடும் இரு வீரர்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முதலில் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். முழுநேரம் இதற்காகவே ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களின் லட்சணம் இது. அப்படியிருக்க, சோபாவில் உட்கார்ந்து கத்துகிறவரை மட்டும் ஏன் கேலி செய்ய வேண்டும்?

இன்னொன்று, யாரும் பேசாதது. ஊளையும் கைதட்டலும் முதல் இரண்டு மூன்று சுற்றோடு சரி. 2011-ல் முதல் சுற்றில் 23-ஆம் இடத்தில் ஈகிள்ஸ் டேனி வாட்கின்ஸை எடுத்தது. 26 வயது, கனடாக்காரர், தீயணைப்பு வீரராக இருந்துவிட்டு ஆட வந்தவர். அவரைப் பற்றித்தான் ஊர் முழுக்க விவாதம். இரண்டு சீசனில் கதை முடிந்தது, அதில் ரசிகர் சந்தேகம் சரியாயிற்று. அதே டிராஃப்டில் ஆறாம் சுற்றில், 191-ஆம் இடத்தில், ஜேசன் கெல்சி என்ற சென்டரை, அதாவது ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பவரை, எடுத்தார்கள். பதின்மூன்று சீசன் அந்த அணியின் முதுகெலும்பாக இருந்தவர். 2018-ல் 233-ஆம் இடத்தில் எடுத்த ஜோர்டன் மைலாட்டா அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர். இன்றைக்குக் குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காப்பதில் லீகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். இவர்களுக்கு ஊளையும் இல்லை, விசிலும் இல்லை, ஏனென்றால் கைநழுவிய பெயர் என்று ஒன்று அந்தச் சுற்றுகளில் யார் மனதிலும் இருப்பதில்லை.

நிர்வாகத்தின் மேல் உள்ள கசப்பு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கும் ஈகிள்ஸே சாட்சி. ரீகர் காலத்தில் ரோஸ்மன் எதை எடுத்தாலும் திட்டு. 2021-ல் எதிரி அணியான டாலஸோடேயே பேரம் பேசி, 12-லிருந்து 10-க்கு ஏறி, ஜயண்ட்ஸின் மூக்குக்கு முன்னால் டிவாண்டா ஸ்மித்தைத் தட்டிக்கொண்டு வந்தார். காற்று கொஞ்சம் திரும்பியது. இரண்டு சூப்பர் பவுல் ஆடிய பிறகு அதே மனிதர் யாரை எடுத்தாலும் 'ஹோவிக்குத் தெரியும்' என்கிறார்கள். 2024-ல் முதல் இரண்டு சுற்றிலும் பின்தடுப்புக்கே இரண்டு பேரை எடுத்தார், குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன். ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்திருந்தால் வானொலி தீப்பிடித்திருக்கும், அந்த முறை கைதட்டல்தான். டிஜீன் தன் 22-ஆவது பிறந்தநாளன்று நடந்த சூப்பர் பவுலில் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு போய் டச்டவுன் போட்டார்.

ஆகவே அடுத்த டிராஃப்டில் ஒரு கூட்டம் கொதிக்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். அவர்கள் கேட்டவரும் அணி எடுத்தவரும் ஒரே இடத்தில் ஆடுபவர்களா? ஆம் என்றால் அந்தக் கோபத்தைக் குறித்துவைத்துக்கொள்வேன், அதில் விஷயம் இருக்கக்கூடும். வேறு வேறு இடம் என்றால், குறிப்பாக எடுத்தது குவார்ட்டர்பேக்கை என்றால், மூன்று வருடம் வரை எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். அந்த அணி போன சீசனில் எத்தனை ஆட்டம் தோற்றது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் என்றால், மேடையில் யார் வந்து நின்றிருந்தாலும் அந்தச் சத்தத்தில் பாதியாவது வந்தே தீரும்.